வரிசை நீளம்தான், சதவீதம் ஏன் குறைவு?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலுக்காகச் சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கத்துச் சொந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள். காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றவர், ஓட்டுப் போட்டு வெளியே வரும்போது மணி பத்தே கால். அதே கட்டடத்தில் அடுத்த வகுப்பறையில் இன்னொரு பூத். அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பார்த்தால் உங்கள் பூத்தில் 62 சதவீதம்தான் என்று ஏஜென்டாக உட்கார்ந்திருந்தவர் சொல்கிறார். இவ்வளவு கூட்டம் நின்றும் சதவீதம் ஏன் குறைந்தது, எங்கேயோ தப்பு நடக்கிறதா என்பது உங்கள் கேள்வி. காலியாக இருந்த பக்கத்து அறையில் போட விட்டிருக்கலாமே என்ற கோபமும் கூடவே இருக்கிறது.

இதில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. வரிசை ஏன் நகரவில்லை என்பது ஒன்று, சதவீதம் ஏன் ஏறவில்லை என்பது இன்னொன்று. கூட்டத்தில் நின்றவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவது இயல்புதான். ஆனால் வரிசையை நீட்டுவதும் குறைப்பதும் அறைக்குள் இருக்கும் மூன்று மேசைகளும் கடிகாரமும். சதவீதம் வருவது வாக்காளர் பட்டியலிலிருந்து. நான் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 1996 தொடங்கி 2021 வரை தேர்தல் வேலைக்குப் போயிருக்கிறேன்; முதலில் மை வைக்கிற மேசை, பிறகு பட்டியல் மேசை, கடைசிப் பன்னிரண்டு வருடம் பூத்துக்குத் தலைமை அலுவலர். எல்லாம் சிவகங்கை மாவட்டத்துக்குள், பாதிக்கு மேல் செட்டிநாட்டு ஊர்கள். மேல்மட்டத்தில் என்ன முடிவு எப்படி எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. பூத்துக்குள் நடப்பது தெரியும். அந்த அளவுக்கு இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரிசை. உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர், நாங்கள் பி.ஓ. ஒன் என்போம், உங்கள் சிலிப்பையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பட்டியலில் பெயரைத் தேடுவார். பெயரையும் வரிசை எண்ணையும் ஏஜென்டுகள் காதில் விழும்படி உரக்கப் படிப்பார். யாரும் ஆட்சேபிக்கவில்லை என்றால் கோடு போடுவார். இரண்டாமவர் 17ஏ பதிவேட்டில் உங்கள் எண்ணை எழுதி, என்ன ஆவணம் காட்டினீர்கள் என்று குறித்து, கையெழுத்தோ ரேகையோ வாங்கி, இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, ஒரு துண்டுச் சீட்டைத் தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, விரலில் மை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தன் மேசையில் இருக்கும் கன்ட்ரோல் யூனிட்டில், அதாவது ஓட்டு இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், 'பேலட்' பட்டனை அமுக்குவார். அப்புறம்தான் மறைப்புக்குள் இருக்கும் இயந்திரத்தில் பச்சை விளக்கு எரியும். நீங்கள் பொத்தானை அமுக்கியதும், யாருக்குப் போட்டீர்கள் என்று அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் சீட்டு 7 நொடி தெரியும், அறுந்து விழும், 'பீப்' என்று நீளமாக ஒரு சத்தம் வரும். இத்தனைக்கும் இயந்திரம் எடுத்துக்கொள்கிற நேரம் மிஞ்சிப்போனால் பதினைந்து நொடி. 'மிஷின் ஸ்லோ' என்று வெளியே பேசிக்கொள்வார்கள். மிஷின் திருப்பிப் பேசாது, அதனால் அதன்மேல் பழி போடுவது சுலபம். நேரம் போவது முதல் இரண்டு மேசைகளில்.

கணக்கு டீச்சர் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை. 11 மணி நேரம் என்றால் 660 நிமிடம். ஒரு பூத்தில் 1,200 பெயர் இருந்து 70 சதவீதம் வந்தால் 840 பேர். ஆளுக்கு 47 நொடி கிடைக்கும். அப்போது ஒரு பூத்துக்கு உச்சவரம்பு 1,500 பெயர். அப்படி நிறைந்த பூத்தில் அதே 70 சதவீதம் வந்தால் ஆளுக்கு 38 நொடிகூட முழுசாக இல்லை. 2025-ல் அந்த வரம்பை 1,200 ஆகக் குறைத்தார்கள். ரொம்ப நாளாகச் செய்திருக்க வேண்டியது. தமிழ்நாடு முழுக்கச் சராசரி பார்த்தால் 2024-ல் 68 ஆயிரத்துச் சொச்சம் பூத், 6.23 கோடி வாக்காளர், பூத்துக்குத் தொள்ளாயிரத்துப் பத்துப் பேர் அளவில் வரும். சராசரி எப்போதும் சமர்த்தாகத்தான் இருக்கும். நீங்கள் போய் நிற்பது சராசரி பூத்தில் இல்லை.

அதோடு மக்கள் 47 நொடிக்கு ஒருவராக ஒழுங்காக வந்து இறங்குவதில்லை. நம் பக்கம் சித்திரை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு மணிக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்து மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அதனால் வெயிலுக்கு முன்னால் போய்விடலாம் என்று ஊரே காலையில் கிளம்பும். ஒரு கணக்குப் போடுங்கள். கதவு திறக்கும் 7 மணிக்கே 60 பேர் நிற்கிறார்கள். அடுத்த இரண்டு மணி நேரம், மணிக்கு 100 பேர் வருகிறார்கள். உள்ளே ஒரு ஓட்டுக்கு 45 நொடி ஆனால் மணிக்கு 80 பேர்தான் வெளியே வர முடியும். 9 மணிக்கு வரிசையில் 100 பேர் நிற்பார்கள். கடைசி ஆளுக்கு 75 நிமிடம். இதே கூட்டத்துக்கு ஒரு ஓட்டு 36 நொடியில் முடிந்தால் மணிக்கு 100 பேர் வெளியே வருவார்கள். 9 மணிக்கு நிற்பது 60 பேர், காத்திருப்பு 36 நிமிடம். ஒன்பது நொடியில் காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அதுவே ஓட்டுக்கு ஒரு நிமிடம் ஆனால்? எட்டரைக்கு வந்து நிற்பவருக்கு முன்னால் 120 பேர், இரண்டு மணி நேரம். நீங்கள் நின்றது ஒன்றே முக்கால் மணி நேரம். காலையில் உங்கள் பூத்தில் ஓட்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகியிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான், நான் அங்கே இல்லை.

அந்த ஒரு நிமிடம் எங்கே போகிறது என்று ஒரு முறை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான் தலைமை அலுவலராகப் போன ஒரு பூத்தில் காலை எட்டு மணிக்கே வரிசை கேட்டைத் தாண்டிவிட்டது. மண்டல அலுவலர் போன் மேல் போன் போடுகிறார். நான் என் நாற்காலியை பி.ஓ. ஒன் பின்னால் போட்டுக்கொண்டேன். அவர் புது ஆள், வேறு துறைக்காரர், சுறுசுறுப்பானவர்தான். ஆனால் சிலிப்பில் இருக்கும் வரிசை எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தார். பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 பேர். நம் ஊர்களில் ஒரே தெருவில் ஆறு மெய்யம்மையும் ஒன்பது லட்சுமணனும் இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடினால் பொழுது விடிந்துவிடும். எண் 643 என்றால் 30-ஆல் வகுத்தால் 22-ஆவது பெயர்ப் பக்கம், கை நேராக அங்கே போக வேண்டும். பட்டியலின் ஓரத்தில் நூறு நூறாகக் காகிதத் துண்டு ஒட்டிக்கொடுத்தேன். பிற்சேர்க்கையில் வரும் புதுப் பெயர்களுக்குத் தனியாக ஒரு துண்டு. அரை மணியில் வரிசை கேட்டுக்குள் வந்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் சந்தேகப்பட்ட 'தப்பு' பெரும்பாலும் இந்த ரகம்: பயிற்சிக் குறை, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்த அலுவலர், சிலிப் இல்லாமல் வந்து நிற்கிற இருபது பேர், ரேகை வைத்த கையைத் துடைக்கத் துணி இல்லாத மேசை. பார்வையில்லாதவரோ முடியாதவரோ துணைக்கு ஆளோடு வந்தால் அந்தத் துணையாளிடம் உறுதிமொழி எழுதி வாங்க வேண்டும். அது ஒன்றுக்கே மூன்று நான்கு நிமிடம் போய்விடும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நிமிடங்கள் அவர்களுக்கு உரியவை.

பெண்கள் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரிசை என்பது தெரியும். காலையில் ஆண்கள் வரிசையில் 30 பேர் நிற்கும்போது பெண்கள் வரிசையில் 90 பேர் நிற்பார்கள். சமையலை முடித்து, தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டுதான் வருவார்கள். வாசலில் நிற்கும் காவலர் நியாயமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு மூன்று ஆண், மூன்று பெண் என்று மாற்றி மாற்றி விடுவார். விளைவு, பெண்கள் மூன்று மடங்கு நேரம் நிற்பார்கள். நான் எப்போதும் ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்று விடச் சொல்வேன். ஆண்கள் முணுமுணுப்பார்கள். அவர்கள் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுப் பெண்கள் அடுத்த வரிசையில் நிற்கிறார்கள் என்று சொன்னால் அடங்கிவிடும்.

பக்கத்து அறைக்கு ஏன் அனுப்பவில்லை என்ற கோபத்துக்குப் பதில் எளிது. ஒவ்வொரு பூத்தும் பட்டியலின் ஒரு பாகம். உங்கள் பெயர் அந்தப் பாகத்தில் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் பூத்தின் 17ஏ பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்களோ அந்தக் கணக்கும் இயந்திரம் காட்டும் மொத்தமும் மாலையில் ஒத்துப்போக வேண்டும். அடுத்த அறையில் போட அனுமதித்தால் நீங்கள் அங்கே ஒன்று, இங்கே ஒன்று போடவில்லை என்று யார் சொல்வது? விதிவிலக்கு, அதே தொகுதியில் தேர்தல் பணிச் சான்றிதழோடு வேலைக்கு வந்திருக்கும் அலுவலர், காவலர் போன்றவர்களுக்குத்தான். அவர்கள் வேலை செய்கிற பூத்திலேயே போடலாம். பக்கத்து அறையில் 600 பெயர், உங்கள் அறையில் 1,100 பெயர் என்றால் அது பாகம் பிரித்தவர்கள் செய்த வேலை. பழைய தெருக்கள் ஒரு பாகத்தில் ஆள் குறைந்துபோய்க் கிடக்கும்; ஊருக்கு வெளியே முளைத்த நகர்கள் எல்லாம் இன்னொரு பாகத்தில் வந்து குவிந்திருக்கும். இதை வாக்குப்பதிவு நாளில் யாராலும் சரிசெய்ய முடியாது. பட்டியல் திருத்தும் காலத்தில், வாக்குச்சாவடிப் பிரிப்பு வரைவு வெளியாகும்போது மனு கொடுத்தால் கேட்பார்கள். என் அனுபவத்தில் அப்போது கட்சிக்காரர்களைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

சரி, சதவீதத்துக்கு வருவோம். இங்கேதான் செட்டிநாடு மற்ற இடங்களிலிருந்து விலகி நிற்கிறது. சதவீதம் என்பது ஓட்டுப் போட்டவர்களைப் பட்டியலில் உள்ள பெயர்களால் வகுத்து வருவது. ஊரில் இருப்பவர்களால் வகுத்து வருவது இல்லை. உங்கள் பூத்தில் 1,100 பெயர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 250 பேர் ஊரிலேயே இல்லை. மீதி 850 பேரில் 680 பேர் வந்து போட்டால் இருப்பவர்களில் 80 சதவீதம், அருமையான வாக்குப்பதிவு. தாளில் வருவதோ 680-ஐ 1,100-ஆல் வகுத்து, 62. அந்த 680 பேரில் பாதிப் பேர் பத்து மணிக்குள் வந்துவிட்டால் நீங்கள் பார்த்த வரிசை. ஆக, வரிசையும் உண்மை, 62-ம் உண்மை.

250 பேர் என்று நான் சும்மா சொல்லவில்லை. ஒரு வருடம் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாகப் போனேன். ஒரு பெரிய வீடு; இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். கதவிலக்கம் ஒன்று, பட்டியலில் 19 பெயர். பாதி ஓடு சரிந்த வளவில் ஓர் ஆச்சியும் அவருக்குச் சமைத்துப் போடுகிற அம்மாவும் மட்டும் இருந்தார்கள். நான் ஒவ்வொரு பெயராகப் படித்தேன். "மெட்ராஸ்", "மெட்ராஸ்", "கோலாலம்பூர்", "அவுக தவறிப் போயி நாலு வருசமாச்சு", "பெங்களூரு" என்று ஆச்சி பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில், "டீச்சர், பேரை மட்டும் எடுத்துராதீக. படைப்புக்கு எல்லாரும் வருவாக" என்றார். படைப்பு என்பது முன்னோருக்குக் குடும்பமே கூடிச் செய்கிற வழிபாடு. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தங்கள் கோயில் கணக்கில் மணமான ஒரு தம்பதியை ஒரு புள்ளி என்பார்கள்; ஆள் பினாங்கில் இருந்தாலும் புள்ளிதான். வரி கொடுத்தால் போதும், பிறந்த கோயிலில் பெயர் நிற்கும். ஊர் என்றால் அவர்களுக்கு அந்தக் கணக்கு. தேர்தல் பட்டியலின் கணக்கு வேறு. இதை நகரத்தார் வீடுகளோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. அடுத்த தெருவில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள், கோயம்புத்தூரில் ஹோட்டல் வேலைக்குப் போனவர்கள் என்று அதே கதை, சின்ன வீடுகளில்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பலருக்குத் தெரியாது. 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஆவது பிரிவு தெளிவாக ஒன்று சொல்கிறது: ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதால் மட்டுமே ஒருவர் அங்கே சாதாரணமாகக் குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். இதைப் படிக்கும்போதெல்லாம் செட்டிநாட்டை மனதில் வைத்தே எழுதினார்களோ என்று தோன்றும். அதே பிரிவு, தற்காலிகமாக வெளியூர் போனவர் அதனாலேயே குடியிருப்பை இழந்துவிட மாட்டார் என்றும் சொல்கிறது. தற்காலிகம் எங்கே முடிகிறது? ஆறு மாதத்திலா, ஆறு வருடத்திலா? சட்டத்தில் அப்படி ஒரு நாள் கணக்கு கிடையாது. பதிவு அலுவலர் ஒவ்வொருவர் நிலையையும் பார்த்து முடிவு செய்வார். நான் வக்கீல் இல்லை, அதனால் உங்கள் பெயர் ஊரில் இருப்பது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். சென்னையில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டீர்கள் என்றால் படிவம் 8 கொடுத்து அங்கே மாற்றிக்கொள்ளச் சட்டம் எதிர்பார்க்கிறது என்பது மட்டும் நிச்சயம். வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் குடியுரிமையை விடாதவர்கள் 6ஏ படிவத்தில் பதியலாம், 2011-லிருந்து அந்த வழி இருக்கிறது. ஆனால் வாக்குப்பதிவு நாளில் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நின்றால்தான் ஓட்டு. விமானச் சீட்டுக்கு அவ்வளவு காசு கொடுத்து யார் வருவார்கள்?

பட்டியல் எவ்வளவு ஊதியிருந்தது என்பதை 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம் காட்டியது. தொடங்கும்போது தமிழ்நாட்டுப் பட்டியலில் 6.41 கோடிப் பெயர். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர் இல்லை. அதில் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், கொடுத்த முகவரியில் இல்லாதவர்கள். அந்த வேலை நடந்த விதத்தைப் பற்றி நிறையச் சண்டை இருக்கிறது. ஊரில் இருந்தவர்கள் பெயரும் அதில் போய், திரும்பச் சேர்க்க அலைந்தார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 2024-ல் 6.23 கோடியில் 69.72 சதவீதம் என்றால் விழுந்தது 4.34 கோடி ஓட்டுக்கு மேல். அதே ஓட்டை வரைவுப் பட்டியலின் 5.43 கோடியால் வகுத்தால் 80 வருகிறது. ஓர் ஆள்கூட கூடுதலாக வரிசையில் நிற்கவில்லை, சதவீதம் மட்டும் பத்துப் புள்ளி ஏறிவிட்டது. இனி எந்தத் தேர்தலிலாவது 'வரலாறு காணாத வாக்குப்பதிவு' என்று தலைப்பு வந்தால் சதவீதத்தை விட்டுவிட்டு எத்தனை ஓட்டு என்று எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள்.

எங்கேயோ தப்பு நடக்கிறதா என்ற சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஏப்ரல் 19 மாலையில் தமிழ்நாட்டில் 72 சதவீதத்துக்கு மேல் என்று அறிவித்தார்கள், நள்ளிரவில் 69.46 என்றார்கள், கடைசியில் 69.72 என்று நின்றது. பார்க்கிறவர்களுக்குத் தூக்கிவாரிப் போடத்தான் செய்யும். பூத்திலிருந்து 9, 11, 1, 3, 5 மணிக்கு நாங்கள் சொல்கிற எண்கள் மேலே போய்ச் சேர்ந்து மாலையில் வருவது தோராயம். எல்லா பூத்திலிருந்தும் எண் வந்திருக்காது, வராத இடத்துக்கு உத்தேசம் போடுவார்கள். பதினொரு மணிக்கு என் எண்ணை வாங்க வேண்டியவருக்கு போன் கிடைக்காமல் பன்னிரண்டே காலுக்குச் சொன்ன தேர்தலும் உண்டு. உண்மையான கணக்கு 17சி படிவத்தில் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்ததும் இயந்திரத்தை மூடி, மொத்தத்தை எழுதி, அதன் நகலை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு ஏஜென்டிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். உங்களிடம் 62 என்று சொன்னவர் கையிலும் அந்தத் தாள் இருந்திருக்கும். கேட்டுப் பாருங்கள், காட்டுவார். மாநில அளவில் எண் ஏறி இறங்கலாம், அந்தத் தாளில் இருப்பது மாறாது.

ஊகம் என்று நானே சொன்னதைத் தவிர, இதுவரை சொன்னது எல்லாம் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. இனி வருவது கண்ணால் கண்டதை வைத்து நானாக நினைப்பது. வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்கள் மறுபடி வருகிறார்களா? உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் வருவதாகத்தான் பார்த்திருக்கிறேன். நாலு மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் காலையில் பார்த்த அதே முகங்கள் தெரியும். வராமல் போகிறவர்கள் இரண்டு ரகம். ஒன்று, கைக்குழந்தையோடு தனியாக வந்த பெண்கள். அவர்களை முன்னால் விட வேண்டும் என்பது விதி, ஆனால் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். இரண்டாவது, உங்களைப் போல் முந்தின நாள் பல்லவன் ரயிலில் வந்து இறங்கி அன்று மத்தியானமே பஸ் பிடிக்க வேண்டியவர்கள். எத்தனை பேர் என்று என்னால் சொல்ல முடியாது. யாரும் எண்ணி வைப்பதில்லை, போனவர் கணக்கு எந்தப் படிவத்திலும் ஏறாது. சின்ன எண்ணாக இருக்கும் என்று நினைக்கிறேன். சின்ன எண் என்றால் பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. 2009-ல் இதே சிவகங்கை மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 3,354 ஓட்டு. தொகுதியில் ஆயிரத்துக்கு மேல் பூத். பூத்துக்கு இரண்டு மூன்று பேர்தான் அது.

வெள்ளிக்கிழமை தேர்தல் வைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று ஆட்கள் சுற்றுலா போய்விடுகிறார்கள், அதனால்தான் குறைகிறது என்று ஒரு பேச்சு உண்டு. நம் ஊரில் அது தலைகீழாகவும் வேலை செய்யும். நீண்ட விடுமுறை என்றால்தான் சென்னைக்காரர்கள் ஊருக்கு வருவார்கள், பூட்டிய வீடுகள் திறக்கும். எது அதிகம் என்று எனக்குப் பிடிபடவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் எல்லாரும் வருகிறார்களே என்று ஒப்பிடுகிற வாதத்தையும் ஜாக்கிரதையாக எடுத்துக்கொள்ளுங்கள். கிராம உள்ளாட்சியில் ஒருவருக்கு நாலு வாக்குச்சீட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய உறுப்பினர், மாவட்ட உறுப்பினர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நாலையும் வாங்கி, முத்திரை குத்தி, மை ஒட்டாமல் மடித்து, பெட்டிக்குள் போடுவதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடும். 2019 டிசம்பரில் அந்த வேலைக்குப் போனபோது என் இடுப்பு ஒடிந்தது. அங்கே வரிசை நீளம். ஆனால் தெரிந்த முகம் போட்டியிடுவதால் ஊரில் இருப்பவர்கள் அனேகமாக எல்லாரும் வந்துவிடுவார்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பயன்படுகிற இரண்டு மூன்று விஷயம். சிலிப்பில் இருக்கும் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சிலிப் தொலைந்தாலும் அந்த இரண்டு எண்ணைச் சொன்னால் பி.ஓ. ஒன் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். ஆனால் சிலிப் மட்டும் போதாது, வாக்காளர் அட்டையோ ஒப்புக்கொள்ளப்பட்ட வேறு ஆவணமோ வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றால் ஏழு மணிக்கு வருவதைவிடப் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வாருங்கள். அந்த நேரத்தில் நாங்கள் முறை வைத்துச் சோறு சாப்பிடுவோம், உள்ளே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், ஐந்து நிமிடத்தில் போட்டுவிட்டுப் போகலாம். குடையும் தண்ணீரும் உங்கள் பாடு. 85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் முன்கூட்டியே 12டி படிவம் கொடுத்தால் வீட்டிலேயே போடலாம்; உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் அதற்குச் சொல்லுங்கள், அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் உட்கார வைக்க வேண்டாம்.

மாலை ஆறு மணியைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. ஆறு அடிக்கும்போது வரிசையில் நின்றால் ஓட்டு உண்டு, எட்டு மணி ஆனாலும். தலைமை அலுவலர் கையெழுத்துப் போட்ட எண் சீட்டை வரிசையின் கடைசி ஆளிடமிருந்து கொடுக்கத் தொடங்கி முன்னால் வருவோம். கடைசி ஆளுக்கு 1, அவருக்கு முன்னால் நிற்பவருக்கு 2. பின்னால் யாரும் வந்து ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்தத் தலைகீழ் வரிசை. ஒரு தேர்தலில் நான் ஒன்றாம் நம்பர் சீட்டைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால், கேட்டில் ஒருவர் டி.வி.எஸ். 50-ஐ அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். கையில் சிலிப், நெற்றியில் சிமென்ட் தூசி. மணி ஆறு நான்கு. "டீச்சர், நாலு நிமிசந்தானே" என்றார். வரிசையில் நின்றவர்கள்கூட "விடுங்க டீச்சர்" என்றார்கள். விடவில்லை. அன்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் போட்டு முடிக்க ஏழு பத்து ஆனது. அதுவரை அவர் கேட்டுக்கு வெளியே வண்டிமேல் உட்கார்ந்திருந்தார்.